பெயர் நீக்கும் வாரம்

அத்தியாயம் 11

வல்டிவியாவில் ஜூன் மாதக் குளிர்காலத்தில் யாரும் மழையைப் பற்றிப் பேசுவதில்லை. விறகைப் பற்றித்தான் பேசுவார்கள். காய்ந்த விறகு என்று சத்தியம் செய்தவன் ஈர விறகை இறக்கிவிட்டுப் போயிருந்தான். அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. யாஸ்னா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, விறகுக்காரனின் ஏழு தலைமுறையையும் வாழ்த்திக்கொண்டிருந்தாள்.

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. யாஸ்னாவின் கணவன் நிபால்டோ போன வருஷம் மார்ச் மாதம் ஈயக்கம்பி வாங்கிவருகிறேன் என்று கிளம்பினான். வெளியூர் பேருந்து நிலையத்திலிருந்து ஒரே ஒரு தகவல் வந்தது: ‘நன்றாக இருக்கிறேன். தேட வேண்டாம்.’ அவ்வளவுதான். அதற்குப் பிறகு போனும் இல்லை, ஆளும் இல்லை. ‘ஏன் போனான்?’ என்று நீங்கள் வாராவாரம் கடிதம் போடுகிறீர்கள். பெண்டாட்டிக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்ல?

அவர்கள் செய்யும் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். பஸ் டிரைவர் வேலை. பஸ் என்றதும் பாலத்தில் புகை கக்கிக்கொண்டு போகிறதே, அதை நினைக்காதீர்கள். மீன் பண்ணைத் தொட்டிகளில் தண்ணீரின் சூட்டையும் காற்றளவையும் பார்க்க ஒரு மின்பலகை வைக்கிறார்கள். அதில் இருக்கும் சில்லுகள் எல்லாம் இரண்டே கம்பிகள் வழியாகப் பேசிக்கொள்ளும். ஒன்று பேசும்போது மற்றவை வாய் மூடிக்கொள்ள வேண்டும். அந்தக் கம்பிகள்தான் பஸ். ஒவ்வொரு சில்லோடும் அதன் பாஷையில் பேசுகிற நிரல்தான் டிரைவர்.

நிபால்டோ டிரைவர்களை எழுதினான். யாஸ்னா அவற்றின் கையேட்டைப் பார்த்துக்கொண்டாள். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதும் பொதுவான வேலை அது. கையேட்டில் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைக் காட்டும். ‘இரண்டு சில்லுகள் மோதிக்கொண்டால் அந்தப் பக்கம் பார்க்க’ என்று இருக்கும். யாராவது அந்தப் பக்கத்தை இடம் மாற்றிவிட்டால், காட்டின விரல் சுவரைக் காட்டிக்கொண்டு நிற்கும். அப்படி ஒரு விரலும் நிற்காமல் பார்ப்பதுதான் யாஸ்னாவின் வேலை. உதவிக்கு ஒரு சோதனை நிரல் இருக்கிறது. காட்டிய பக்கம் இருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கும். அது சரியான பக்கம்தானா என்று அதற்குத் தெரியாது.

“அம்மா, புகைய வச்சு என்னைக் கருவாடு ஆக்கப் போறியா?”

ரயேன் துடுப்புப் பயிற்சிக்குக் கிளம்பி நின்றாள். பதினாறு வயது, அப்பாவின் தோள், அத்தையின் வாய். ஆற்றில் படகு விடும் பெண்கள் அணியில் இந்த வருஷம் அவள்தான் முன்னால் உட்கார்ந்து தாளம் கொடுப்பவள். அடுத்த மாதம் அர்ஜென்டினாவில் போட்டி. பதினெட்டு ஆகாத பிள்ளை எல்லை தாண்ட வேண்டுமென்றால் அப்பாவும் அம்மாவும் சம்மதம் தர வேண்டும். ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை என்றால் நீதிபதி அனுமதி தரலாம். திங்கட்கிழமை காலை அதற்குத்தான் நாள் குறித்திருந்தது.

“திங்கக்கிழம ஞாபகம் இருக்குல்லம்மா? நீதிபதி கேப்பாங்க. நீ ‘எங்க இருக்கார்னு தெரியாது’ன்னு சொன்னா போதும். அதுக்கு மேல கதை அளக்காத.”

“தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுக்கு எனக்கு ஒத்திகை வேற வேணுமா?”

“அழாமச் சொல்லணும். அதுக்குத்தான்.”

“நான் எப்ப அழுதேன்?”

ரயேன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பினாள். “அந்த லிஸ்ட்லேருந்து அப்பா பேரை எடுக்கச் சொல்லி ஒரு பிரேசில்காரம்மா எழுதியிருக்காங்கன்னியே, எடுத்துட்டியா?”

“இன்னிக்குத்தான் கடைசி நாள்.”

“எடுத்துடும்மா. அவர் உன் லிஸ்ட்ல மட்டும்தான் இருக்கார். வேற எங்கயும் இல்ல.”

கதவு சாத்திக்கொண்டது. அடுப்பு அப்போதுதான் பிடித்தது, சொல்லி வைத்தாற்போல.

பேச்சில் வந்த லிஸ்ட் என்னவென்றால், ஒவ்வொரு டிரைவருக்கும் பொறுப்பானவர் யார் என்று பெயரும் மெயில் முகவரியும் எழுதி வைக்கும் கோப்பு. அந்தப் பகுதியில் யார் எதைத் திருத்தினாலும், பொறுப்பானவருக்குத் தானாகவே ஒரு நகல் போகும். மீன் பண்ணைப் பலகையின் டிரைவர்களுக்கு எதிரே இரண்டு பெயர்கள் இருந்தன. மேலே நிபால்டோ ஓயார்சூன். கீழே யாஸ்னா.

ஆகவே அவள் ஒரு காற்புள்ளியைத் திருத்தி அனுப்பினாலும் அவனுக்கு ஒரு நகல் போயிற்று. போன வேகத்தில் திரும்பி வந்தது: ‘இந்த முகவரியில் யாரும் இல்லை.’ ஒரு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான். இதை நிறுத்துவது பெரிய காரியம் இல்லை. அவள் நிறுத்தவில்லை. காலையில் கணினியைத் திறந்ததும் முதலில் அந்தத் திரும்பி வந்த மெயிலைத்தான் பார்ப்பாள். அவன் பெயர் எழுதி வீட்டுக்கு வருவது அது ஒன்றுதான். ரயேனிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள், அல்லது சிரிக்காமல் இருந்திருப்பாள். இரண்டுக்குமே பயந்து யாஸ்னா சொல்லவில்லை.

மாத்தே இலைத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றும்போது ஜாண்டிரா கூப்பிட்டாள். பிரேசிலில் கம்பீனாஸ் ஊர்க்காரி. இந்த ஆவணங்களுக்கெல்லாம் மேலே இருந்து பார்ப்பவள் அவள்தான். பேரன் எடுத்தவள் என்றாலும் யாரையும் ஒருமையில் பேசமாட்டாள்.

“யாஸ்னா, நான் உங்களை நெருக்கறேன்னு நெனைக்காதீங்க.”

“நெருக்கத்தானே கூப்பிடறீங்க?”

“ஆமா,” என்று ஜாண்டிரா ஒத்துக்கொண்டாள். “என்ன பண்றது சொல்லுங்க. ஒரு பேர் இருந்தா அந்தப் பேர் பதில் சொல்லும்னு ஜனங்க நம்பறாங்க. நார்வேயிலேருந்து ஒருத்தர் நிபால்டோவுக்குக் கேள்வி அனுப்பிட்டு மாசக்கணக்கா உக்காந்திருந்தார். அது நியாயமா?”

“நியாயமில்லதான்.”

“ஒரு வாரம் பொறுத்தாச்சு. யாரும் ஆட்சேபிக்கல. கூட இருக்கற பொறுப்பாளர் நீங்க ஒரு வார்த்தை ‘சரி’ன்னு எழுதிட்டா முடிஞ்சுது. இல்ல, வேணாம்னா வேணாம்னு எழுதுங்க. நான் வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா பதிலே வராம இருந்தா நான் என்ன எடுத்துக்கறது?”

“இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள எழுதிடறேன்.”

“அவரோட பேரு நன்றிப் பக்கத்துக்குப் போகும். இங்க யாரையும் தூக்கிப் போட்டுடறதில்ல, தெரியுமில்ல உங்களுக்கு?”

தெரியும். பொறுப்பிலிருந்து போனவர்களின் பெயர்களை இன்னொரு கோப்பில் நன்றியோடு எழுதி வைப்பார்கள். நல்ல வழக்கம்தான். அந்தப் பக்கத்தை மட்டும் யாஸ்னா ஏனோ படிக்காமல் தள்ளிவிட்டுப் போய்விடுவாள்.

மதியம் நாத்தனார் எல்சீரா வந்தாள். வந்தாள் என்பதைவிட இறங்கினாள் என்று சொல்ல வேண்டும். ஆற்றங்கரைச் சந்தையில் புகைபோட்ட சிப்பியும் மீனும் விற்பவள். மழைக்கோட்டை அவள் உதறினதில் பாதி ஆறு கூடத்துக்குள் வந்தது. கையில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய சூடான சோபைப்பியா, எண்ணெயில் பொரித்த வட்ட ரொட்டி. மழை நாளில் அது இல்லாமல் எந்த வீட்டுக்கும் போகமாட்டாள்.

“இன்னிக்கு வியாபாரமே இல்ல, அம்மாடி. அந்தத் தடியன் கடல்சிங்கம் படியேறி வந்து என் கடைக்கு முன்னாலயே மாப்பிள்ள மாதிரி சாஞ்சுட்டான். வெரட்டினா கொட்டாவி விடறான். வாங்க வந்தவங்கல்லாம் அவனப் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“உக்காருங்க அண்ணி. அடுப்பு இப்பத்தான் எரியுது.”

எல்சீரா உட்காரவில்லை. “ரயேன் படகுத்துறைக்குப் போறப்ப கடைப்பக்கம் வந்தா. தம்பி பேர ஏதோ லிஸ்ட்லேருந்து எடுக்கப் போறியாமே?”

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். பெற்ற பெண்ணின் வாய்க்கே இல்லை.

“அது வேலை விஷயம் அண்ணி.”

“பேர எடுக்கறது வேலை விஷயமா? அம்மா செத்தப்பறம் அவன இடுப்புல தூக்கிட்டு மீன் வித்தவ நான். என்கிட்ட வேலை விஷயங்கற!”

“அவர் பதில் சொல்றதில்ல. சொல்றார்னு நெனச்சு ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க. பேர அடிச்சுப் போடல, நன்றிப் பக்கத்துல எழுதுவாங்க.”

“கல்லறைல எழுதறது மட்டும் என்னவாம்? அதுவும் நன்றிதான்!” எல்சீரா சோபைப்பியாவைத் தட்டில் போட்ட வேகத்தில் ஒன்று மேஜையில் உருண்டது. “நீ கோவக்காரி. எனக்குத் தெரியும். அவன் பண்ணது தப்பு, நான் இல்லேங்கல. ஆனா அவன் அதப் பாத்தா எப்படித் துடிச்சுப் போவான்னு யோசிச்சியா?”

“எங்க பாக்கப் போறார்? மெயிலே செத்துக் கெடக்கு.”

எல்சீரா வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, சோபைப்பியாவை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். “பெப்ரே தொட்டுக்க. காரமா அரைச்சிருக்கேன்,” என்றாள், மென்றபடி.

கோபமாக வந்தவள் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. சாயந்திரம் தேநீருக்கு வருவதாகச் சொல்லிவிட்டுச் சந்தைக்குத் திரும்பினாள். யாஸ்னா தனியாக உட்கார்ந்து இரண்டு சோபைப்பியாவைத் தின்றாள். மூன்றாவதை நிபால்டோவின் நாற்காலிக்கு எதிரே தட்டிலேயே விட்டாள். வேண்டுமென்று விடவில்லை. பசி அடங்கிவிட்டது.

சரி, எடுத்துவிடுவது என்று தீர்மானித்தாள். எடுப்பதென்றால் ஒழுங்காக எடுக்க வேண்டும். ஒரு பெயரை ஓர் இடத்தில் நீக்கிவிட்டு மற்ற இடங்களில் விட்டால், அந்த மற்ற இடங்கள் எல்லாம் இல்லாத ஆளைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஜாண்டிரா அனுப்பிய திருத்தம் லிஸ்டில் மட்டும்தான் நீக்கச் சொன்னது. கையேட்டில் அங்கங்கே ‘சந்தேகம் இருந்தால் நிபால்டோவைக் கேட்கவும்’ என்று இருக்குமே, அதையெல்லாம் யார் எடுப்பது? யாஸ்னாதான் எடுக்க வேண்டும். வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது.

தேடினாள். பக்கங்கள் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து அந்த வரியை அழித்தாள். பக்கத்துக்குப் பக்கம் அவனுடைய நடை தெரிந்தது. எதையும் ‘எளிது’ என்று எழுதமாட்டான். ‘கவனமாகச் செய்தால் எளிது’ என்றுதான் எழுதுவான். சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரித்த பிறகு, சிரிப்பதற்கு யாரும் பக்கத்தில் இல்லை என்பதும் தெரிந்தது.

கடைசியாக ஒரு பக்கம். காற்றளவு பார்க்கும் சில்லைப் பற்றியது. மேலே அவன் பெயர். அதற்கு இரண்டு வரி கீழே, ‘கம்பி இணைப்புக்கு இந்தப் பக்கம் பார்க்க’ என்ற குறிப்பு.

அந்தக் குறிப்பு அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஜனவரிக் கோடையில் யாரோ கோப்புகளை இடம் மாற்றியதில் ஏகப்பட்ட குறிப்புகள் அறுந்து போயின. சோதனை நிரல் அலறிக்கொண்டிருந்தது. அவள் உட்கார்ந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒட்டினாள். இதே பெயரில் ஒரு பக்கம் பழைய பலகைக்கான பகுதியில் இருந்தது. அதைக் காட்டிவிட்டாள். நிரல் அமைதியாகிவிட்டது.

இப்போது குறிப்பு பழைய பலகையைக் காட்டவில்லை. புதுப் பலகையின் பக்கத்தைக் காட்டியது. யாரோ திருத்தியிருக்கிறார்கள்.

அவளுக்கு முகம் சுருங்கியது. ஆமாம், தப்புதான் செய்திருக்கிறாள். பழைய பலகைக்கு ஒரு சின்ன இணைப்பைக் கையால் போட வேண்டும். புதுப் பலகையில் அதைப் போட்டால் கம்பிகள் இரண்டும் ஊமையாகிவிடும், தொட்டியில் மீன் மூச்சுத் திணறினாலும் பலகை வாயைத் திறக்காது. பக்கம் இருக்கிறது என்று நிரல் சொன்னதை நம்பி அவள் ஆளை மாற்றிக் காட்டியிருக்கிறாள். இந்தத் தொழிலில் இதைவிட அசிங்கமான பிழை கிடையாது. அறுந்த குறிப்பாவது சத்தம் போடும். தப்பான குறிப்பு வாயை மூடிக்கொண்டு இருக்கும்.

நல்லவேளை, யாரோ பார்த்தார்கள். யார் என்று அந்தத் திருத்தத்தைத் திறந்தாள்.

எவுஹேனியோ பர்ரியா. ஏப்ரல் மாதம். காரணம் இப்படி எழுதியிருந்தது: ‘புதுப் பலகையில் இந்த இணைப்பு ஏற்கெனவே உலோக மூடிக்கு அடியில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்று போடக் கூடாது. கவனமாகச் செய்தால் எளிது.’

யாஸ்னா அதை இன்னொரு தடவை படித்தாள்.

மூடிக்கு அடியில் இருக்கும் இணைப்பைப் பற்றி எங்கும் எழுதியதில்லை. வரைபடத்தில் இல்லை, கையேட்டில் இல்லை. மாதிரிப் பலகைகளை இதே சமையலறை மேஜையில் வைத்துத்தான் செய்தார்கள். நிபால்டோ பற்றவைக்கும்போது அந்த மூடி நழுவாமல் துணிக் கிளிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். சூட்டுக்கோல் பட்டுக் கருகின இடம் மேஜையில் இன்னும் இருக்கிறது. அதன் மேல்தான் ரொட்டிப் பலகையை வைப்பது வழக்கம்.

பெயரைப் பார்த்தாள். எங்கள் ஊரில் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர். அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. இரண்டாவதை யாரும் கூப்பிடுவதில்லை. நடுவில் வைத்த பெயருக்கும் அதே கதிதான், இரண்டும் அடையாள அட்டையிலேயே தூங்கும். அவள் புருஷனின் முழுப்பெயர் நிபால்டோ எவுஹேனியோ ஓயார்சூன் பர்ரியா.

தெற்கில் தடுக்கி விழுந்தால் ஒரு பர்ரியா மேல்தான் விழ வேண்டும். ஆகவே அன்றைக்கு அந்தப் பெயர் அவள் கண்ணில் உறுத்தவில்லை. பல பேர் அனுப்பிய சின்னச் சின்னத் திருத்தங்களோடு கட்டாக வந்தது அது. காட்டிய பக்கம் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். இருந்தது. ஏற்றுக்கொண்டுவிட்டாள்.

பதில்கூட எழுதியிருக்கிறாள். அது கீழேயே இருந்தது.

‘கவனித்துச் சொன்னதற்கு மிக்க நன்றி, எவுஹேனியோ. இது உங்கள் முதல் திருத்தமா? உங்களை வரவேற்கிறோம். யாஸ்னா.’

அதற்கு அவனிடமிருந்து பதில் இல்லை.

அவள் எழுந்து அடுப்பில் ஒரு கட்டை போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். எதிர்வீட்டுக் கூரையில் மழை ஒரே மாதிரி பெய்துகொண்டிருந்தது. உட்காரவிடாமல் அலைக்கழிப்பது சந்தோஷம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆள் உயிரோடு இருக்கிறான், நல்லபடியாக இருக்கிறான், புத்தி தெளிவாக இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியதுதானே?

ஆனால் அவன் அவளைப் படிக்கிறான். வரி வரியாகப் படிக்கிறான். அவள் செய்த பிழை அவனுக்குப் பொறுக்கவில்லை, யாரோ முகம் தெரியாத மீன் பண்ணைக்காரனின் பலகை ஊமையாகிவிடக் கூடாதே என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்து சரிசெய்துவிட்டுப் போகிறான். திருத்தின வரிக்கு இரண்டு வரி மேலே அவனுடைய பெயர் இருந்தது. அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறான். ரயேனின் பிறந்தநாளும் ஏப்ரலில்தான். அதற்கு ஒரு வார்த்தை வரவில்லை.

ஒரு வருஷமாக ஆள் இல்லாத வீட்டில் இருந்தாள். அது பழகிவிட்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் தனியாக இருப்பது அவளுக்குப் புதிது. மேஜை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, ரயேன் கூடாது என்று சொன்ன அந்தக் காரியத்தைச் செய்தாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

பிறகு ஜாண்டிராவின் திருத்தத்தைத் திறந்தாள். காரணம் என்ற இடத்தில், ‘முகவரி வேலை செய்யவில்லை, ஆளைத் தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று இருந்தது. காலையில் அது உண்மை. இப்போது அது தப்பான குறிப்பு. தப்பான குறிப்பை அவள் கையால் விடமாட்டாள்.

அதை அடித்துவிட்டு எழுதினாள்: ‘இவர் இந்தப் பொறுப்பை இப்போது செய்வதில்லை. பெயரைக் கையேட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் நீக்கியிருக்கிறேன். ஆட்சேபணை இருந்தால் அவரே சொல்லலாம்.’ கீழே தன் பெயரைப் போட்டாள்.

யாருக்கெல்லாம் நகல் போக வேண்டும்? இதில் ஒரு வழக்கம் உண்டு. பொறுப்பாளருக்குப் போக வேண்டும். பெயரை அழித்த பக்கத்தை அவளுக்கு முன்னால் கடைசியாகத் திருத்தியவருக்கும் போக வேண்டும். நிரல் தானாகவே இரண்டு முகவரிகளையும் எடுத்து வைத்தது. ஒன்று நிபால்டோ ஓயார்சூன். இன்னொன்று எவுஹேனியோ பர்ரியா. இரண்டு பெயரும் ஒன்றன் கீழ் ஒன்றாக, அண்ணன் தம்பி மாதிரி நின்றன. அவள் எதையும் சேர்க்கவில்லை, எடுக்கவில்லை. அனுப்பிவிட்டாள்.

கண் மூடித் திறப்பதற்குள் முதலாவது திரும்பி வந்தது. ‘இந்த முகவரியில் யாரும் இல்லை.’ இதுதான் கடைசித் தடவை. இனிமேல் நிரல் அவனுக்கு நகல் அனுப்பாது.

இரண்டாவதற்காகக் காத்திருந்தாள்.

கெட்டில் கொதித்து மூடி தடதடத்தது. இறக்கி வைத்தாள். மேஜையைத் துடைத்தாள். ரொட்டி வாங்க முனைக்கடை வரை மழையில் நடந்தாள், வந்து கோட்டைக் கழற்றாமல் கணினியைப் பார்த்தாள். ஜாண்டிராவின் ‘நன்றி, இது கஷ்டமான காரியம் என்று தெரியும்’ வந்திருந்தது. இரண்டாவது திரும்பி வரவில்லை. போன இடத்தில் ஆள் இருந்தான்.

இருட்டுவதற்குள் இருவரும் வந்துவிட்டார்கள். ரயேனின் தலைமுடியில் ஆறு சொட்டியது, எல்சீராவின் கோட்டில் மழை சொட்டியது. தேநீர், மர்ராகேத்தா ரொட்டி, வெண்ணெய், எல்சீரா கொண்டுவந்த சிப்பி. கருகின தழும்பின் மேல் ரொட்டிப் பலகை.

“எடுத்துட்டியா?” என்றாள் ரயேன்.

“எடுத்துட்டேன்.”

எல்சீரா கரண்டியால் தேநீரைக் கலக்கினாள். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும்.

“சபாஷ். இதே மாதிரி திங்கக்கிழமயும் பட்டுன்னு சொல்லிடு. எங்க இருக்கார்னு தெரியாது, தொடர்பே இல்ல. அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துடலாம்.” ரயேன் வெண்ணெயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “எங்க பயிற்சியாளர் இப்பவே எனக்கு டிக்கெட் போடச் சொல்லிட்டார்.”

“அப்படிச் சொல்ல முடியாது, ரயேன்.”

“எது?”

“தொடர்பே இல்லன்னு. சொல்ல முடியாது. இருக்கு. இன்னிக்கு அவருக்கு எழுதினேன். போய்ச் சேந்துடுச்சு.”

ரயேனின் கத்தி ரொட்டியில் பாதியில் நின்றது. துடுப்பு பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை, மேஜையில் விரிந்து கிடந்தது. “என்னம்மா சொல்ற? அப்பாவுக்கா? எங்க இருக்கார்? அப்ப… அப்ப நீதிபதி அவரக் கூப்பிட்டு அனுப்புவாங்களே. மாசக்கணக்கா ஆகுமே. என் போட்டி?”

யாஸ்னாவுக்குப் பெண்ணைப் பார்க்க முடியவில்லை. அதனால் நாத்தனாரைப் பார்த்தாள். தம்பி கிடைத்துவிட்டான் என்று கேட்ட அக்கா என்ன செய்வாள்? கத்துவாள். சிலுவை போட்டுக்கொள்வாள். எங்கே, எப்போது, எப்படி இருக்கிறான் என்று உலுக்கி எடுப்பாள். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் ஆயிற்றே.

எல்சீரா கோப்பையைத் தட்டில் வைத்தாள். சத்தம் வராமல், மெதுவாக.

“கோவமா எழுதிட்டியா?” என்றாள். “அவன் இப்பத்தான் கொஞ்சம் தேறி வரான்.”